திறப்பில்லாமல் அறைக் கதவைப் பூட்டுவது எப்படி?

கேள்வி, 2023 மே 9
வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். உப்புவெளியில் வாடகை அறை. கதவில் கைபிடியோடு சேர்ந்த பூட்டு மட்டும்தான், தாழ்ப்பாள் இல்லை. இன்னொரு திறப்பு வீட்டுக்காரரிடம் இருக்கிறது. நல்ல மனுசர்தான், ஆனாலும் இரவில் நித்திரை வருவதில்லை. கதவில் துளை போடக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டார். உள்ளே இருந்து திறப்பில்லாமல் பூட்டக்கூடிய சாமான் ஏதும் இருக்கிறதா?

மே 9, இரவு 9.40
இருக்கிறது தங்கச்சி. நான் ஆறு வருசமாகக் கைப்பையில் ஒன்று கொண்டு திரிகிறேன். கணக்காய்வு வேலை, மாதத்தில் பத்து நாளாவது மன்னார், வவுனியா, அம்பாறை என்று லொட்ஜ் லொட்ஜாகப் படுக்கிற பிழைப்பு. ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) விடிய ஐந்தரைக்கு அறைப் பையன் தன்னிடம் இருந்த திறப்பால் கதவைத் திறந்துகொண்டு தேத்தண்ணியோடு உள்ளே வந்து நின்றான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பக்கத்து அறைக்காரர் கேட்ட தேத்தண்ணி, கதவு மாறிவிட்டது. நான் கத்த அவனும் கத்த, தேத்தண்ணி முழுக்க என் செருப்பில். என் திறப்பை இரவு தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

சாமான் இதுதான். இரண்டு துண்டு. ஒன்று உள்ளங்கை நீளத்தில் ஒரு இரும்புத் தகடு, ஒரு நுனியில் வளைந்த பல், மற்றப் பக்கம் வரிசையாகத் துளைகள். அடுத்தது சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட துண்டு. கதவைத் திறந்து வைத்து, நிலையில் பூட்டின் நாக்கு போய் விழுகிற ஓட்டைக்குள் அந்தப் பல்லைக் கொழுவிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். தகட்டின் மிச்சம் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கதவோடு ஒட்டி வருகிற துளையில் சிவப்புத் துண்டைச் செருகினால் சரி. வெளியே நிற்பவர் திறப்பைப் போட்டு நாக்கை இழுத்தாலும் கதவு சிவப்புத் துண்டில் வந்து முட்டி நிற்கும். அடாலாக் என்று ஒரு பெயரில் வருவதுதான் பிரபலம், அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான்கள் ஓன்லைனில் குவிந்து கிடக்கின்றன. நான் மலிவு ஒன்றுதான் வாங்கினேன், இரண்டாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. ஆணி, துளை ஒன்றும் தேவையில்லை.

மே 9, இரவு 9.55
முதல் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டேன். உங்கள் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அறைக்குள்ளே திறந்தால் மட்டும்தான் மேலே எழுதியது எல்லாம். வெளியே திறக்கும் கதவில் இந்தத் தகட்டைப் போட்டுவிட்டுப் படுப்பதும் போடாமல் படுப்பதும் ஒன்றுதான். அறைக்குள் நின்று பாருங்கள், பிணைச்சலின் உருண்டை முட்டு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் கதவு உங்கள் பக்கம் திறக்கிறது.

இன்னொன்று, இது ஆள் உள்ளே இருக்கும்போது மட்டும். வேலைக்குப் போகும்போது சாமான்களைக் காப்பாற்றாது. சிரிக்க வேண்டாம், என் அலுவலகத்தில் ஒருவர் வாங்கிக்கொண்டு வந்து "இதை வெளியே இருந்து எப்படிப் போடுவது" என்று கேட்டார்.

மே 10
இடைவெளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தகடு போக இடம் வேண்டும். என்னுடைய சோதனை: பத்து ரூபாக் குற்றியை அந்த இடுக்கில் விட்டுப் பார்ப்பேன். தாராளமாகப் போனால் தகடும் போகும். குற்றி இறுகினால் தகட்டையும் வைத்துச் சாத்தக் கதவைத் தோளால் தள்ள வேண்டிவரும், அப்படித் தள்ளிச் சாத்திய கதவை விடிய யார் திறப்பது?

மே 12
ஒரு தம்பி எழுதியிருக்கிறார், "அக்கா, இரண்டாயிரம் ரூபாவைக் கரியாக்க வேண்டாம், கதவுக்குக் கீழே ஒரு ஆப்பு போதும்" என்று. எனக்கும் ஒரு காலம் அப்படித்தான் தோன்றியது. மர ஆப்பு, றப்பர் ஆப்பு இரண்டும் வைத்திருந்தேன். ஆப்பு நல்ல சாமான், அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். சரிவு குறைந்ததாக, நுனி மெல்லிசாக, நீளமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆப்பைக் கதவு தள்ளத் தள்ள அது தரையோடு அழுந்தும், அழுந்த அழுந்தப் பிடி இறுகும். குட்டையாகச் செங்குத்தாக வெட்டிய ஆப்பைக் கதவு காலால் எத்துவதுபோலத் தள்ளிக்கொண்டு வரும். கதவின் நடுவில் வையுங்கள்.

ஆனால் தம்பி, நீங்கள் உப்புவெளியில் படுத்ததில்லை போலிருக்கிறது. அங்கே எந்த அறைத் தரையிலும் மணல் இருக்கும். காலையில் கூட்டினாலும் பின்னேரம் இருக்கும். வழுவழுப்பான மாபிள் தரை, அதில் நாலு மணல் பருக்கை, அதன்மேல் றப்பர் ஆப்பு. பருக்கைகள் சைக்கிள் சில்லுக்குள் இருக்கிற இரும்புக் குண்டுகள் மாதிரி உருளும். ஒரு தரம் நானே வெளியே நின்று தள்ளிப் பார்த்தேன், கதவு ஆப்பையும் சேர்த்துக்கொண்டு சறுக்கிப் போனது.

மே 12, சற்றுப் பிறகு
திருத்தம். "நடுவில்" என்று எழுதியது பிழை. பூட்டுப் பக்க ஓரத்தில், அதாவது பிணைச்சலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். பிணைச்சலுக்குக் கிட்ட வைத்த ஆப்பை வெளியே நிற்பவர் கதவின் ஓரத்தில் கைவைத்து நெம்பிவிடுவார், கதவே அவருக்கு நெம்புகோல்.

மணலுக்கு மருந்து: வைக்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி ஆப்புக்குக் கீழே போடுங்கள். நான் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இருக்கிறது.

மே 14
கதிரையை முதுகுச் சாய்வோடு கைபிடிக்குக் கீழே முட்டுக் கொடுப்பதும் இதே கணக்குத்தான். மரக் கதிரை, சொரசொரப்பான சீமெந்துத் தரை, உருண்டைக் கைபிடி மூன்றும் சேர்ந்தால் பிடிக்கும். எல்லோர் வீட்டிலும் இருக்கிற பிளாஸ்டிக் கதிரை வளைந்துகொடுக்கும், அதை நம்பிப் படுக்க வேண்டாம். இதற்கென்றே நீட்டிச் சுருக்கக்கூடிய இரும்புத் தடியும் விற்கிறார்கள், மேலே கைபிடிக்குக் கவை, கீழே றப்பர் பாதம். வீட்டுக்கு நல்லது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் அதற்கும் ரிக்கெற் கேட்பார்.

மே 21
அலறும் ஆப்பு பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். ஆப்புக்குள் பற்றரி, மேலே ஒரு அழுத்தி, கதவு அதில் பட்டால் 120 டெசிபெல் சத்தம் போடும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். சித்திக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவவின் வீடு கோட்டைக்குக் கிட்ட, கடற்கரைப் பக்கம். குசினிப் பின்கதவுக்கு வைத்தா.

இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு அது அலறி, சித்தி அலறி, பக்கத்து வீட்டு நாய்கள் முழுக்க அலறி, சித்தப்பா தும்புத்தடியோடு யன்னலால் எட்டிப் பார்த்தால், வாசலில் ஒரு புள்ளிமான். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், எங்கள் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, டவுனுக்குள் மாடுமாதிரித் திரியும், வாழைப்பழத்தோலுக்குக் கதவு மட்டும் வரும். அது கதவில் உடம்பைத் தேய்த்திருக்கிறது. சத்தத்துக்கு ஓடவும் இல்லையாம், நின்று பார்த்ததாம். சித்தப்பா பற்றரியைக் கழற்றி மணிக்கூட்டுக்குப் போடப் பார்த்தார், அளவு சரிவரவில்லை.

யூன் 3
உப்புவெளித் தங்கச்சியின் பதில் வந்தது. கதவு உள்ளேதான் திறக்கிறதாம், ஆனால் தகட்டின் பல் ஓட்டைக்குள் போகவில்லையாம். படம் அனுப்பியிருந்தா. நிலை கொங்கிறீற். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன், கொங்கிறீற் நிலையில் நாக்குக்குத் தகடும் அடிக்காமல் வெறும் துளை மட்டும் விட்டிருப்பார்கள், அதற்குள்ளும் மேசன் பூசிய சாந்து பாதி நிரம்பியிருக்கும். நாக்கு அரை அங்குலம் போனால் போதும் என்று விட்ட ஓட்டை, பல் நிற்க இடமில்லை. பழைய ஸ்குறூ டிரைவரால் சாந்தைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். துளை போடக்கூடாது என்றுதானே சொன்னார், சுரண்டக்கூடாது என்று சொல்லவில்லையே.

யூன் 4
முள்ளுக்கரண்டியால் செய்யலாம் என்று யூரியூப்பில் வருவது உண்மையா? உண்மை. முற்களின் நுனியை வளைத்து நிலை ஓட்டையில் கொழுவி, கைபிடியை வெட்டி எடுத்து, கதவைச் சாத்தியபின் அந்தக் கைபிடித் துண்டை முற்களுக்கு நடுவில் குறுக்கே செருகுவது. அடாலாக்கின் ஏழை உறவினர். நான் சந்தையில் வாங்கிய கரண்டியில் செய்தேன், மெல்லிய தகரம், ஒரு உதையில் முற்கள் நிமிர்ந்துவிட்டன. தடித்த கரண்டியென்றால் நிற்கும், ஆனால் தடித்த கரண்டியைக் கையால் வளைக்க முடியாது. வெட்டிய இடத்தை அரத்தால் தேயுங்கள், என் கட்டைவிரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

யூன் 4, இரவு
விசயத்தை விட்டு விலகுகிறேன், பரவாயில்லை. சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் "திறப்பு என்றால் என்ன, திறப்பு விழாவா" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் சாவி என்பதைத்தான் நாங்கள் திறப்பு என்கிறோம் ஐயா. உங்கள் சாவி போர்த்துக்கேயர் தந்த சொல். 1620களில் இங்கே வந்து கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். எங்களுக்கு யன்னலைத் தந்தார்கள், அலுமாரியைத் தந்தார்கள், சாவியை மட்டும் நாங்கள் வாங்கவில்லை. இதில் எனக்கு ஒரு சின்னத் திமிர் உண்டு.

யூலை 16
வெளியே திறக்கும் கதவுக்கு என்ன செய்வது? மட்டக்களப்புப் பக்கம் போனவாரம் அப்படி ஒரு அறை கிடைத்தது. நெம்புக் கைபிடி. சாறிப் பின்னால் வைக்கும் கயிற்றுப் பட்டியைக் கைபிடியில் சுற்றி யன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினேன். கட்டு இறுக்கமாக இருந்தால்தான் பிரயோசனம், நாலு விரல் தொய்வு இருந்தால் கதவு நாலு விரல் திறக்கும், அதற்குள் கத்தியை விட்டுப் பட்டியை அறுக்கலாம். வெளியே திறக்கும் கதவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, பிணைச்சல் வெளிப்பக்கம் இருக்கும், ஊசியை மேலே தட்டி எடுத்தால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றலாம். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கவில்லை. அடுத்த நாள் அறையை மாற்றினேன்.

(சாறி அல்ல, சாறிப் பையைக் கட்டும் பட்டி. மேலே பிழையாக எழுதிவிட்டேன், வாசித்தவர்கள் என்ன நினைத்தார்களோ.)

ஓகஸ்ட் 27
ஆறு கிழமையாக எழுதவில்லை. எழுதலாமா என்றும் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் மே மாதம் நான் இந்தச் சாமானை ஒரு குறையும் சொல்லாமல் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

உவர்மலை வீட்டில் அம்மா கீழ் அறையில் தனியாகப் படுப்பா. மேலே நாங்கள். நான் வெளியூர் போகும் நாட்களில் பயமாக இருக்கிறது என்றதற்கு இதே மாதிரி இன்னொன்று வாங்கிக் கொடுத்து, போடப் பழக்கியும் விட்டேன். அவவுக்குச் சீனி வருத்தம். 10ஆம் திகதி காலை ஏழு மணியாகியும் எழும்பவில்லை. தட்டினோம். முனகல் மட்டும் கேட்டது. சீனி இறங்கிவிட்டது என்று தெரிகிறது, அவவுக்கு எழும்ப முடியவில்லை. என்னிடம் அறைத் திறப்பு இருந்தது, போட்டுத் திருகினேன், நாக்கு விட்டது, கதவு அசையவில்லை. நான் வாங்கிக் கொடுத்த சாமான் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. யன்னலுக்கு இரும்புக் கம்பி, அதையும் நான்தான் போடுவித்தேன்.

தோளால் இடித்தோம், தம்பி உதைத்தான், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வீட்டுக் கூரை வேலைக்குக் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஓடாவியார் நானா சத்தம் கேட்டு அலவாங்கோடு ஓடிவந்தார். அவர் கதவைத் தொடவே இல்லை. "கதவோட மல்லுக்கட்டாதிங்க" என்று சொல்லி, பூட்டுப் பக்கம் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் அலவாங்கைச் செலுத்தி நிலையைப் பிளந்தார். நாக்கு விழும் தகடு கழன்று விழுந்தது, அதோடு பல்லும் வெளியே வந்தது. எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அம்மாவுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, சீனித் தண்ணி பருக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது நல்ல சுகம், என்னை ஏசும் அளவுக்குச் சுகம்.

நானாவுக்குக் கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. புது நிலைக்கு மட்டும் காசு வாங்கினார்.

ஓகஸ்ட் 27, இரவு
அதனால் மே 9ஆம் திகதிக் குறிப்பில் இதையும் சேர்த்து வாசியுங்கள். வருத்தக்காரர், வயதானவர், சின்னப் பிள்ளைகள் தனியாகப் படுக்கும் அறைக்கு இது வேண்டாம். வேறு யாரும் தங்கும் அறையென்றால், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒரு தரம் கழற்றிப் பாருங்கள். நெருப்பு, புகை என்று வந்தால் இருட்டில்தான் தேடுவீர்கள். அமெரிக்காவின் தீப் பாதுகாப்பு விதிகளில் வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் திறப்போ கருவியோ விசேஷ அறிவோ இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது, அங்கே பள்ளிக்கூடங்களில் இப்படியான தடுப்புகளைப் போடலாமா என்று பெரிய தர்க்கமே நடக்கிறது. சிவப்புத் துண்டைச் செருகி எடுப்பது விசேஷ அறிவா என்று மே மாதம் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். சீனி இறங்கிய மனுசிக்கு அது விசேஷ அறிவுதான்.

அலவாங்கும் போர்த்துக்கேயர் தந்த சொல் என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். யூன் மாதத்துத் திமிரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

செப்ரெம்பர் 2
அம்மாவின் அறைக்கு இப்போது என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நல்ல தாழ்ப்பாள், அவவின் அறைக்குப் பூட்டே இல்லை. ஆனால் அவ சும்மா இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி, அதன் ஓரத்தில் பித்தளைச் செம்பு, அதற்குள் நாலைந்து சில்லறைக் குற்றி. யாராவது கதவைத் திறந்தால் செம்பு விழுந்து வீடு அதிரும். 90இல் வீட்டில் ஆம்பிளை இல்லாத இரவுகளில் இதைத்தான் செய்தேன் என்றா. எனக்கு நினைவிருக்கிறது, எனக்கு அப்போது எட்டு வயது, நடுச்சாமத்தில் பூனை ஒன்று அதைத் தட்டிவிட்டது, நாங்கள் விடியும்வரை ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

அலறும் ஆப்பின் வேலையை அது செய்கிறது, பற்றரியும் வேண்டாம், வெளியே இருந்து யாரும் உள்ளே வரவும் முடியும். நான் வாங்கியவற்றில் இவ்வளவு யோசித்துச் செய்த சாமான் ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 8
துரு. வாங்கி ஆறு வருசம் என்று எழுதினேனே, பையை உலுக்கியபோது பழுப்புத் தூள் கொட்டியது. பல்லின் வளைவில்தான் முதலில் பிடிக்கிறது, முலாம் உராய்ந்து போன இடம். வளைவில் துரு ஏறிய தகட்டை நம்ப வேண்டாம், பாரம் முழுக்க விழுவது அந்த இடத்தில்தான். எவர்சில்வர் என்று வாங்கினாலும் 304 என்ற ரகத்தைக் கடல் உப்பு புள்ளி புள்ளியாகத் தின்னும், 316இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். படகுச் சாமான் விற்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் தெரியும். நான் தையல் மெசின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன்.

நவம்பர் 26
உப்புவெளித் தங்கச்சியிடமிருந்து: வீட்டுக்காரர் தானே வந்து தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்துவிட்டாராம். சாந்து சுரண்டிய ஓட்டையை மனுசி பார்த்துவிட்டு "பிள்ளைக்குப் பயம் போல" என்று அவரிடம் சொன்னாவாம். முதல் நாளே பயமாக இருக்கிறது என்று கேட்கச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. எனக்குச் சாமான் வாங்குவதுதான் தோன்றும்.

டிசெம்பர் 17
மாரி. மழை விட்டபாடில்லை. எங்கள் முன்கதவு ஊதி நிலையோடு ஒட்டிக்கொண்டது, பத்து ரூபாக் குற்றி அல்ல, கடதாசி கூடப் போகாது. நேற்று வந்த ஐயர் தள்ளிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போய்விட்டார்.

டிசெம்பர் 30
வவுனியாவுக்குப் போகிறேன் என்று மச்சாள் என்னுடைய பழையதை இரவல் கேட்டா. துருவைச் சொல்லித்தான் கொடுத்தேன். இன்றைக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து தந்தா, துணியில் சுற்றி, எண்ணெயும் தடவி. அவிழ்த்துப் பார்த்தேன், தகடு மட்டும் இருந்தது. சிவப்புப் பிடி வவுனியாவில் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள்.